ஹாக்கி மேட்சுக்குப் பரஸ்தானம்

என் மகன் சென்னை ஹாக்கி டீமில் கோல் கீப்பர். ஒழுங்காகச் சொன்னால் இரண்டாவது கீப்பர். முதல் கீப்பருக்கு அடிபட்டாலோ காய்ச்சல் வந்தாலோதான் இவனுக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுவான். இதை நான் வெளியே சொன்னால் என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரில் அவர் சொல்லி வைத்திருக்கிற கதைப்படி, இவன் இல்லாவிட்டால் அந்த டீமே கிடையாது.

எங்களுக்குக் கச்சிராயபாளையத்தில் கரும்பு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் மட்டையைத் தூக்கிய நாளிலிருந்து அவன் ஆடி நான் ஒரு மேட்ச்கூட நேரில் பார்த்ததில்லை. ஒரு நாள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், ஒரு நாள் மாடு கன்று போடும், ஒரு நாள் வெட்டுகிற ஆட்கள் வந்து நிற்பார்கள். விளையாட்டு விடுதிக்குப் போனான், மாநிலத்துக்கு ஆடினான், எல்லாம் போட்டோவில்தான் பார்த்தேன். அதிலும் தலையில் கவசம், முகத்தில் கம்பி. உள்ளே இருப்பது என் பிள்ளைதான் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சொல்ல முடியாது. இந்த சீசனில் ஒரு தடவையாவது அவன் கோலில் நிற்பதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சீசன் அட்டவணை வந்ததும் போனில் அனுப்பி வைத்தான். வீட்டுக்காரர் அதைக் கள்ளக்குறிச்சியில் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு வந்து, சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். அங்கே பிடித்தது சனி. அடுத்த தெருவிலிருந்து என் அண்ணன் வந்து சேர்ந்தார். சவரத்துக்குக்கூட நாள் பார்க்கிற மனிதர். ரெண்டு பேரும் பாயைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மேட்ச்சையும் நாள்காட்டியோடு சேர்த்துப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"மொத மேட்ச் அன்னைக்கு அஷ்டமி மாப்ள. கிளம்பவே கூடாது."

"அதுக்கு அடுத்தது?"

"கரிநாள்."

"சரி, அதை வுடு மச்சான். அதுக்கும் அடுத்தது?"

"உனக்குச் சந்திராஷ்டமம்."

அடுப்படியில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "ஆடப் போறது புள்ள. சந்திராஷ்டமம் உங்களுக்கு. இதுல இன்னாங்க கணக்கு?" என்றேன்.

"வண்டியில குந்திக்கினு போறது நாந்தானே?" என்றார் வீட்டுக்காரர். மேட்ச் வைத்தவர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியவில்லை என்று அண்ணனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

எல்லாப் பொருத்தமும் அமைந்த ஒரே மேட்ச் வடநாட்டில் நடக்க இருந்தது. அது எந்த ஊர் என்றே தெரியாமல் ரெண்டு பேருக்கும் குஷி கிளம்பிவிட்டது. "போறதே போறோம், அப்டியே காசி, கயாவ முடிச்சிக்கினு வந்துடலாம்" என்றார் அண்ணன். இந்த 'போறதே போறோம்' இருக்கிறதே, எங்கள் வீட்டில் எந்தப் பயணத்தையும் குட்டிச்சுவராக்குவது அதுதான். நல்ல வேளையாக அந்த வாரம் ஆலையிலிருந்து எங்கள் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்தது. காசி தப்பித்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மகன் போன் செய்தான். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, புதன்கெழம மேட்ச்சுல என்னை எறக்குறாங்க. மொதல் பாதி மட்டும். ரெண்டாவது பாதிக்கு மொத கீப்பர் பெரியவரே நிப்பாரு. ஆறு மணிக்கு ஆரம்பம். வந்துடுவல்ல?"

"பறந்தாவது வந்துடுறேன்டா" என்றேன். வீட்டில் அத்தனை பேருக்கும் காதில் விழுகிற மாதிரிச் சொன்னேன்: முதல் பாதிதான், ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் உடனே ரசிகர் படை திரட்டினார். தெருவில் ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்தது. ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது. ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். அதில் என் வீட்டுக்காரர் கைகூப்பியபடி பெரிதாக, என் அண்ணன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அதே அளவில். மகன் கீழே மூலையில், ஸ்டாம்பு அளவில், கவசத்தோடு.

புதன்கிழமை வடக்கே சூலம். சென்னையோ வடக்கே இருக்கிறது. "பால் ஒரு வாய் குடிச்சிட்டுப் போனா சரியாப் போச்சு" என்றேன் நான். அண்ணனுக்கு அது போதாது. "நம்ம புள்ள மொத மொதலா எறங்குறான். பரஸ்தானம் வெச்சிடுவோம்" என்றார். நல்ல நேரத்தில் பயணப் பையை அக்கம்பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் சூலம் குத்தாது. வைத்த பையை மட்டும் திரும்ப நம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, போகிற வழியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். திங்கட்கிழமையே நல்ல நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரரிடம் பையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பயணத்துக்கு முக்கியமான பொருள் பையில் இருந்தால் விசேஷமாம். அதனால் மகன் அனுப்பியிருந்த பாஸ்களை எல்லாம் அதில் வைத்திருந்தார் வீட்டுக்காரர்.

புதன்கிழமை விடிந்ததும் வேன் வந்து நின்றது. நான் புளிசாதம் கட்டி, பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், ஆண்கள் அத்தனை பேரும் எதிர்வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கதவில் பூட்டுத் தொங்குகிறது. எதிர்வீட்டுக்காரர் முதல் நாளே குடும்பத்தோடு கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டாராம். போன் போட்டால் டவர் இல்லை.

"பை கிடக்கட்டும். புள்ள பேரச் சொன்னா உள்ள வுடுவாங்க. ஏறுங்க" என்றேன்.

அண்ணன் என்னை முறைத்தார். "பாசுக்காகவா சொல்றேன்? நம்ம பயணமே உள்ள கீது. அத வுட்டுட்டு எப்டிக் கிளம்புறது?"

திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருக்க வேண்டிய வேன், சாவி வாங்க மலை ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் திட்டிக்கொண்டே போனேன். ரசிகர் படை கீழே தெரிந்த கோமுகி அணையைப் பார்த்து செல்ஃபி எடுத்தது. காதுகுத்து வீட்டில் எதிர்வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் பூரித்துப்போனார். கூப்பிடாமலே வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சாவி வாங்கி, மலை இறங்கி, கதவு திறந்து, பையை எடுத்து, வெயில் ஏறிய பிறகுதான் கள்ளக்குறிச்சியையே தாண்டினோம்.

அப்போதும் நேரம் இருந்தது. உளுந்தூர்பேட்டைக்குக் கிட்டே வரும்போது அண்ணன் மெல்லத் தொண்டையைச் செருமினார். அவர் மகளுக்கு மாசியில் கல்யாணம். "போறதே போறோம், களமருதூர்ல சம்பந்தியோட தங்கச்சி வூட்டுக்கு ஒரு பத்திரிகை வெச்சிக்கினு போயிடலாம். அஞ்சே நிமிசம்."

"அண்ணே, உன் கால்ல வேணும்னாலும் வுழறேன். மொதல் பாதிதான் அவன் ஆடுவான்" என்றேன்.

"அஞ்சு நிமிசத்துல இன்னா குடி முழுவிடப் போவுது?"

பத்திரிகை வைத்தாயிற்று. அந்த வீட்டு அம்மாள் சாப்பிடாமல் போனால் மனசு சங்கடப்படும் என்றார். சாப்பிட்டாயிற்று. எழுந்து செருப்பை மாட்டும்போது வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ராவு காலம் நடக்குது. அடுத்தவங்க வூட்லேர்ந்து அதுல எறங்கிப் போனா நல்லா இருக்காது" என்று திரும்ப உட்கார்ந்தார். எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ஆத்திரம். "எல்லாந்தான் திங்கக்கெழமையே கிளம்பியாச்சே! அப்புறம் எதுக்கு இன்னொரு வாட்டி நேரம் பாக்குறீங்க?" என்று கத்தினேன். அந்நியர் வீட்டில் கத்துகிறேனே என்று என்னைத்தான் அடக்கினார்கள்.

தாம்பரத்தில் வேன் ஊர்ந்தபோதே ஆறு மணி ஆகிவிட்டது. எழும்பூர் மைதானத்து வாசலில் அண்ணன் பையைத் திறந்து பாஸ்களை விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். அங்கே நின்றவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னைக்கு எல்லாருக்கும் ஃப்ரீதாங்க, போங்க போங்க" என்றார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது இரண்டாம் பாதி ஆரம்பித்திருந்தது. எங்கள் பக்கத்துக் கோலில் கவசமும் கம்பியுமாக ஒருவர் நின்றார். ரசிகர் படை ஃப்ளெக்ஸை விரித்துவிட்டது. "அதோ! நம்ம புள்ள!" என்று வீட்டுக்காரர் குதித்தார். அந்த ஆள் ஒரு பந்தைக் காலால் தட்டிவிட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "பாத்தியாடி, பாத்தியாடி" என்று என் தோளை உலுக்கினார். அண்ணன் என் மகன் பெயரைச் சொல்லி விசில் அடித்தார்.

நான் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டேன். என் பிள்ளை நிற்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கும், குழந்தையிலிருந்தே அப்படித்தான். இது அவன் இல்லை. கண்ணால் தேடினேன். எதிர் ஓரத்து பெஞ்சில், கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலை நனைந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவன் குடும்பமே திரண்டு வந்து இன்னொருத்தனைப் பார்த்துக் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேட்ச் முடிந்து கம்பி வேலி ஓரத்துக்கு ஓடி வந்தான். "எத்தன புடிச்சேன், பாத்தியாம்மா?"

"பாத்தேன், பாத்தேன்! கடைசியா ஒண்ணு காலால தட்டின பாரு, அடேங்கப்பா!" என்றார் வீட்டுக்காரர்.

மகன் அவரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பாக்கலடா" என்றேன். "ஒண்ணுகூடப் பாக்கல. லேட்டாதான் வந்தோம்."

"அடுத்த வாட்டி பஸ்ல வாம்மா" என்றான்.

அடுத்த வாட்டி சீக்கிரமே வந்தது. பெரியவருக்குக் கையில் அடி, திங்கட்கிழமை மேட்ச் முழுக்க இவன்தான் என்றார்கள். வீட்டுக்காரர் நாள்காட்டியைப் பார்த்தார். "அஷ்டமிடி!" என்றார். "நல்லதாப் போச்சு, நீங்க வர மாட்டீங்க. மாட்டைப் பாத்துக்குங்க" என்றேன். காலை ராகு காலத்தில், வேண்டுமென்றே, டவுன் பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் சென்னை பஸ், கிளாம்பாக்கத்தில் இறங்கிப் போய் மின்சார ரயில். விளையாட்டு ஆரம்பிக்க எவ்வளவோ நேரம் இருக்கும்போதே போய், வேலிக்கு ஒட்டின வரிசையில் உட்கார்ந்தேன். முதலில் தரைக்குத் தண்ணீர் தெளிப்பதைக்கூட விடாமல் பார்த்தேன்.

அன்றைக்கு மரண அடி. நாலு கோல் விட்டான். கடைசி விசில் ஊதி முடிவதற்குள் என் போன் அடித்தது. வீட்டில் டிவியில் பார்த்திருக்கிறார்கள். "நான் இன்னாடி சொன்னேன்? அஷ்டமின்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா?" என்றார் வீட்டுக்காரர். பின்னால் அண்ணன் குரலும் கேட்டது. போனை அணைத்தேன்.

மகன் கவசத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வேலி ஓரத்துக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

"நாலு வுட்டுட்டேம்மா."

"தெரியும்டா. நாலையும் பாத்தேன்."