துண்டு போட்ட சீட்டு

தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஓர் ஓட்டலுக்கு அறைப் பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். காலையில் ஜோராக ஓடும். மதியம் மெமரி நிறைந்து செத்துப்போகும். அறையைக் காலி செய்துவிட்டுப் போனவர்களையும் அது விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஒரு வாரமாக அங்கேயே கிடந்து காரணத்தைத் தேடினேன்.

அன்று சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்குச் சேலத்தில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். இதே புரோகிராமால் ஒருமுறை தள்ளிப்போன காரியம். இன்னொரு தடவை போகாவிட்டால் அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். புகைப்படத்தில் பார்த்ததிலிருந்தே எனக்கு அந்தப் பெண்ணை விட மனசில்லை.

நாலு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, நாலரை மணி பஸ்ஸில் ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு ஓட்டலுக்குத் திரும்பினேன். புரோகிராமில் நான் நம்பியிருந்த வீக் ரெஃபரன்ஸ் என்ற தளர்ந்த பிடியும் அந்தத் துண்டு மாதிரிதான். ஆள் இருப்பதைக் காட்டும். இடம் தேவைப்பட்டால் எடுத்துப் போட்டுவிடலாம். திங்கட்கிழமையே எல்லாப் பதிவுகளுக்கும் அதைத்தான் போட்டிருந்தேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அன்றே திரையில் ஒரு வேவு ஜன்னலும் எழுதினேன்; அப்புறமும் மெமரி நிறைந்துகொண்டேதான் இருந்தது. ரிஃப்ளெக்ஷன் என்ற வசதியால் அந்த ஜன்னல் எந்தப் பதிவையும் திறந்து, ஒளித்து வைத்ததையும் படித்து, திரையோரம் காட்டிக்கொண்டே இருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, ரூமெடுத்த இந்த அம்மாவுக்கு வயசு அம்பத்திரண்டுன்னு திரையில காட்டுதுங்களே! அவிங்க எட்டிப் பாத்துட்டு நொம்பக் கோவமா நிக்கறாங்க. மூடுங்க சாமி!"

மூடினேன். கொஞ்ச நேரத்தில் மெமரி மளமளவென்று காலியானது. வேவு ஜன்னல்தான், தான் பார்த்த ஒவ்வொருவரையும் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது! பழுது திங்கட்கிழமையே சரியாகிவிட்டது. அதற்கப்புறம் நான் தேடியதுதான் பழுது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஜன்னலை அழித்துவிட்டு ஓடிப்போய், நகர்ந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். என் சீட்டில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா. துண்டு கண்டக்டர் தோளில் கிடந்தது.

"துண்டு டிக்கெட் எடுக்குமுங்களா? நின்னுட்டு வாங்க," என்றார்.

இருபது கொண்டை ஊசி வளைவையும் நின்றபடியே இறங்கினேன். அடிவாரத்தில் டயர் பஞ்சர்; மாற்றிப் புறப்பட ஒன்றரை மணி நேரம் ஆனது.

பெண் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. என் அப்பா அம்மா முகத்தில் ஈயாடவில்லை. கூடம் முழுக்கப் பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த ஒரே நாற்காலியில் பட்டுப்புடவையோடு, கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, அந்தப் புகைப்படத்துப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"எங்க மாமா உக்கார வந்துட்டே இருந்தாருங்க. உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு. துண்டு போட்டுப் பாத்தேன், எடுத்து மூஞ்சி தொடச்சிக்கிட்டாரு. அதான் நானே உக்காந்துட்டேனுங்க."

உட்கார்ந்தேன். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.