ஆஃப்ஷீனின் மலை சர்வர்

என் மனைவி ஆஃப்ஷீன் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், என் அண்ணன் தல்ஹா முந்திக்கொண்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்: “கூரியர்.” பென்டிரைவை மலைக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறாளாம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் எம்.சி.ஏ. படித்தவள். அவளுடைய அப்பா பெரிய தெருவில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சென்னையில் நல்ல வேலை கிடைத்தும், நம்ம ஊரிலேயே இந்த வேலையைச் செய்ய முடியாதா என்று திரும்பி வந்தவள். செங்கம் சாலையில், ரமணாசிரமம் பக்கத்தில், ஒரு காபிக்கடையின் மாடியில் அவள் ஆபீஸ். தியான வகுப்பு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வரும் வெள்ளைக்காரர்கள் உண்டு. உள்ளே எல்லாரும் சத்தமில்லாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் சிலருக்குச் சந்தேகம் தீராது.

ஒரு விவசாயிகள் கம்பெனிக்கு அவர்கள்தான் ஆப் செய்து கொடுக்கிறார்கள். புளி, சாமை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை எதுவானாலும் சரி. மூட்டை வந்து இறங்கியதும் ஈரம் பார்ப்பது, தரம் சொல்வது, எடை, ரசீது என்று எல்லாப் படியும் அதில்தான் நடக்கும். படிகளில் மாற்றம் வந்தால் புது வெர்ஷன். திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் சர்வர்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏற்றிவிடுவாள். ஜவ்வாது மலையில் இருக்கும் கொள்முதல் நிலையத்துக்கு இன்டர்நெட் கிடையாது. அங்கே வெர்ஷனைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஆளேதான் போக வேண்டும்.

அதற்கு அவள் பார்த்து வைத்திருக்கும் நாள் பௌர்ணமி. அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் ஊரில் போன்கூடப் பேச முடியாது. அந்த நேரத்தில் ஊர் சர்வருக்கு எதையாவது அனுப்பினால் பாதியில் தொங்கிவிடும். அதனால் ஊர் வேலையை முன்னதாகவே முடித்துவிட்டு, பௌர்ணமியன்று மலைக்குக் கிளம்பிவிடுவாள். நான் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறவன். வருகிற சவாரியை எல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கு நான்தான் அவளுக்கு டிரைவர்.

போன பங்குனிப் பௌர்ணமிக்குப் போனபோது விஷயம் சாதாரணமாக இல்லை. வரும் மாதத்திலிருந்து புது வெர்ஷனில் வரும் கணக்கைத்தான் ஏற்போம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மலை சர்வரில் அது ஏறாவிட்டால் நிலையத்தையே மூடிவிடுவார்கள். மலைக்காரர்கள் மூட்டையோடு போளூருக்கு இறங்க வேண்டும்.

நிலையப் பொறுப்பாளர் வேடியப்பன் சர்வர் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆஃப்ஷீன் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு, வேறு யாரோ வந்து சீசன் நடுவில் புது வெர்ஷன் ஏற்றி, பாதியில் இருந்த லோடுகளின் பதிவெல்லாம் காணாமல் போயிருக்கிறது. மூட்டையோடு திரும்பிப் போனவர்கள் திட்டியது இவரைத்தான்.

“சீசன் முடியட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்.”

“சீசன் முடிஞ்சா இந்த சென்டரே இருக்காதுண்ணா.”

வெளியே காசியம்மாள் என்ற அம்மா புளி மூட்டைகளோடு நின்றிருந்தார். ஈரம் பார்த்தாகிவிட்டது, தரம் இன்னும் சொல்லவில்லை. வேடியப்பன் அவரைக் காட்டினார். “இவங்க லோடு பாதியில நிக்குது. இதுக்கு என்ன பதில்?”

“ஏறினவங்க இறங்குற வரைக்கும் பழைய வண்டிதான்ணா. புதுசா வர்றவங்களுக்குத்தான் புது வண்டி. இவங்க மூட்டை திரும்பிப் போகாது. போனா நாங்களே தூக்கிட்டுப் போய் வீட்ல இறக்குறோம்.”

‘நாங்களே’ என்றால் யார் என்று எனக்குத் தெரியும். மூட்டைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

வேடியப்பன் மனசில்லாமல் எழுந்து இடம் விட்டார். பென்டிரைவைச் செருகி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சர்வர் மறுத்துவிட்டது. இதற்கு முந்தைய வெர்ஷன் இங்கே இல்லை என்றது.

“தை மாசம் நான் வர முடியாம குடுத்தனுப்பினதைப் போட்டாச்சுன்னு போளூர் வந்து போன்ல சொன்னீங்களேண்ணா?”

அவர் தரையைப் பார்த்தார். “சொன்னேன். போடல. பயமா இருந்துச்சும்மா.”

மலையில் சிக்னல் இல்லை. போளூரில் இறங்கிப் போன் போடலாம் என்றால் ஆபீஸ் கிரிவலப் பாதையில், யாருக்கும் லைன் கிடைக்காது. நேரில் போகலாம் என்றால் ஊருக்குள் வண்டியே விடமாட்டார்கள். “எதுக்குய்யா பொய் சொன்னே?” என்று நான் வாயைத் திறக்கப் போனேன். ஆஃப்ஷீன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பயந்தது தப்பில்லண்ணா. என்கிட்ட இருக்கு.”

அதே பென்டிரைவில் இதுவரை வந்த எல்லா வெர்ஷனையும் வைத்திருந்தாள். பிள்ளை வளர்ந்த பிறகும் சின்னச் சட்டையை எல்லாம் பத்திரப்படுத்துகிற மாதிரி இதென்ன பழக்கம் என்று நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். விட்டுப்போன வெர்ஷனை முதலில் ஏற்றினாள். அதன்மேல் புதியதை ஏற்றினாள். சர்வர் அணைந்து மறுபடி எழ ஆரம்பித்தது. காசியம்மாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

திரை வந்தது. காசியம்மாள் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஈரம் பார்த்த அளவும் அழியவில்லை. தரம் சொல்லி, எடை போட்டு, பழைய முறையிலேயே ரசீது வந்தது. அவருக்குப் பின்னால் நின்றவரின் சாமை புது முறையில் ஆரம்பித்தது. சொன்ன தரம் பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லிக் கேட்கும் வசதி அதில் இருந்தது. அந்த ஆள் உடனே கேட்டும்விட்டார். வேடியப்பனே சிரித்துவிட்டார்.

மூட்டை தூக்குவதிலிருந்து தப்பித்தேன் என்பது இருக்கட்டும். என் பொண்டாட்டி அங்கே நின்றிருந்த விதத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகொரு நாள் ஆஃப்ஷீனையும் தல்ஹா அண்ணனையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். வேடியப்பன் போளூருக்கு இறங்கி வந்து பேசினார்.

“அம்மா, சென்டரை மூடலையாம். இப்பதான் சொன்னாங்க. எல்லாரும் உங்களைத்தான் கேக்குறாங்க. அடுத்த வெர்ஷன் எப்பம்மா கொண்டாருவீங்க?”

என் பக்கத்து சீட்டில் இருந்த அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். மண்டபத்து வாசலில் இறங்கியதும் என் ஜன்னல் பக்கம் வந்தார்.

“அடுத்த வாட்டி மலைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போடா.”

“மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.