ஸ்டீயரிங்கில் ஒரு டொக்

அந்தக் கார் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே எனக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. என் மனைவிக்குக் கேட்கவில்லை.

பெங்களூர்க்காரர் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற சின்ன மின்சாரக் கார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கணுக்கால் உடைந்ததிலிருந்து மனைவியால் கிளட்ச் மிதிக்க முடியாது. இதில் கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. ஓசூரிலிருந்து பாகலூரில் அவள் பாடம் எடுத்த பள்ளிக்கூடம் போய்வர இது போதும் என்று வாங்கினோம். மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் வந்தால் ஃபேன் போடுவதற்கு முன்னால் ஓடிப்போய் காரைச் சார்ஜில் போடுவோம்.

நான் ஒரு கியர்பாக்ஸ் தொழிற்சாலையில், சத்தம் பார்க்கும் அறையில் இருந்தேன். பூட்டி முடித்த கியர்பாக்ஸை மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டு, காதால் கேட்டு, போகலாம் அல்லது திருப்பி அனுப்பு என்று சொல்ல வேண்டும். அதுதான் என் சம்பளம். எட்டு மணி நேரம் கேட்டுவிட்டு வந்தால் வீட்டில் குக்கர் விசில்கூட ஆகாது. அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த டொக் கேட்டது. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது ஒரு முறை. மறுபக்கம் திருப்பினால் இன்னொரு முறை.

"கேக்குதா?" என்பேன்.

"எதுங்க?" என்பாள்.

மறுபடி திருப்பச் சொல்வேன். திருப்புவாள். அப்போது கேட்காது. தெரு முனையில், பால் வாங்கப் போகும் வழியில், நான் எதிர்பார்க்காத நேரத்தில் கேட்கும். காரை ஓட்டுவதை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய், நிறுத்தி வைத்த காரில் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிவிட்டு வந்து மறுபடி சோற்றில் கை வைத்தேன். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

பாகலூர் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"பெட்ரோல் வண்டியா இருந்தா இதெல்லாம் கேக்கவே கேக்காது சார். இதுல இன்ஜின் சத்தமே இல்ல பாருங்க, அதான் சின்னச் சின்னது எல்லாம் பெருசாத் தெரியுது."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் யோசித்தார். "இல்ல சார்."

அந்த வாரம்தான் கம்பெனியில் எங்கள் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வலது காதை இன்னொரு தடவை பாத்துடலாம். இல்லாத சத்தம் எதுவும் கேக்குதா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் அது உறைத்தது. காரில் கேட்பது என் காதுக்குள்ளேயே கேட்பதாக இருந்தால்? இத்தனை நாள் நான் திருப்பி அனுப்பிய கியர்பாக்ஸ் எல்லாம் நல்லதாக இருந்தால்? கெட்டதைப் போகவிட்டிருந்தால்?

வீட்டில் சொல்லவில்லை. காரையும் தொடவில்லை. போகும் வழியில் மனைவி என்னைக் கம்பெனியில் இறக்கிவிடுவாள்; அதையும் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் எல்லாமே டொக் டொக்கென்றது.

ஒரு சாயங்காலம் மனைவி பள்ளியிலிருந்து வந்து சாவியை மேஜையில் வைத்தாள். "ஏங்க, எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. ஆனா திருப்பும்போது கையில என்னமோ தட்டுது. உள்ள இருந்து யாரோ விரலால சுண்டற மாதிரி."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். "எப்பத்துல இருந்து?"

"ரெண்டு மூணு நாளா. ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

மறுநாள் லீவு போட்டேன். அதே மெக்கானிக்கிடம் போய், வண்டியின் அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் காரை நிறுத்தச் சொன்னேன். சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்க வேண்டும், ஜாக்கி வைத்துத் தூக்கினால் இந்தச் சத்தம் ஒளிந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. மனைவி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். நானும் மெக்கானிக்கும் பள்ளத்தில் இறங்கினோம்.

"லேசா ஆட்டு. வேகமா வேணாம்."

சக்கரத்தோடு சேரும் மூட்டில் கை வைத்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த பக்கம். அங்கேயும் இல்லை. மூட்டிலிருந்து உள்ளே போகும் கம்பி வழியாக நகர்ந்து, ஸ்டீயரிங் பெட்டியைச் சேஸியோடு, அதாவது காரின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் விரல் வைத்தேன்.

டொக்.

விரலில் பட்டது. "இன்னொரு தடவை!" என்று கத்தினேன். மெக்கானிக் என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தார். அவர் வாயிலிருந்து முதலில் அவருடைய வீட்டுப் பாஷையான தெலுங்குதான் வந்தது. பிறகு, "பெட்டியே நகருது சார்!" என்றார்.

ஒரு போல்ட் பாதி கழன்றிருந்தது. பட்டைக்கு அடியில் அதிர்வைத் தாங்க வைத்திருந்த ரப்பர் புஷ் கிழிந்து, ஒரு பக்கம் தேய்ந்து காகிதமாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் போல்ட் விழுந்து, திருப்பினாலும் கார் திரும்பாமல் போயிருக்கும். மனைவி மேலிருந்து குனிந்து, "கிடைச்சுதா?" என்றாள். பாகலூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவள் தினமும் போய்வந்ததுதான் கண்ணில் நின்றது.

ஓசூரில் அந்த ரப்பர் கிடைக்கவில்லை. அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன். மெக்கானிக் புது போல்ட்டும் போட்டு, முறுக்கி, மனைவியையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு சுற்று போய் வந்து, "தட்டல" என்றாள். எனக்கும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் காதை மறுபடி பார்த்தார்கள். வலது காதில் மெல்லிய கீச்சுச் சத்தங்கள் கேட்பது குறைந்திருப்பது உறுதியானது. காரில் நான் கேட்டதும் நிஜம், காது போய்க்கொண்டிருந்ததும் நிஜம். மேனேஜர் சங்கடப்பட்டுக்கொண்டே என்னைக் கியர்பாக்ஸ் பூட்டும் அசெம்பிளிக்கு மாற்றினார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லாமல் வைத்திருந்ததற்குத்தான் அவளுக்குக் கோபம், காதுக்கு இல்லை. பிறகு என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்து, சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டாள்.