அடிபம்பில் இரண்டு ஸ்கோர்

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நான் ஒரு கேம் கம்பெனியின் முதலாளி. பீர்க்கன்கரணையில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில், தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்தது கம்பெனி. அப்பாவின் அலுவலகத்தில் வேண்டாமென்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்தான் மூலதனம். நான் எழுதிய ஆட்டங்களை விளையாட உலகத்திலேயே ஒரே ஒரு ஆள் இருந்தார், எங்களோடு தங்கியிருந்த என் சித்தப்பா. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து விளையாடுவார், கூசாமல் குறை சொல்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குறை சொல்ல ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது அவர் விளையாடாமல் போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு மழை நாளில் சிங்கப்பெருமாள் கோவில் அருகே அவருடைய பைக் சறுக்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது கையில் நரம்பு அடிபட்டு, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விடாமல் பயிற்சி செய்தால் கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். சித்தப்பா இரண்டாவது பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை அம்மா தினமும் துடைத்து அவர் பக்கத்தில் வைப்பாள். அது தினமும் கட்டிலுக்கடியில் போய்விடும்.

அவர் கையை நினைத்து நான் உருகினேன் என்றால் அது பொய். ஆட்டத்துக்கு ஆள் இல்லையே என்பதுதான் என் கவலை. கீபோர்டு வேண்டாம், மவுஸ் வேண்டாம், உள்ளங்கையால் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அப்படி ஒரு ஆட்டம் செய்தே தீருவது என்று இறங்கினேன்.

ஆட்டத்தின் பெயர் அடிபம்பு. பம்பின் முன்னால் குடங்கள் வரிசையில் நிற்கும். ஒருமுறை அமுக்கினால் ஒரு அடி. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்பதுதான் ஸ்கோர். பொத்தானுக்காகத் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் காலிங் பெல் சுவிட்ச் கேட்டேன்.

"இன்னா பாப்பா, வூட்டு பெல்லு பூட்ச்சா?" என்றார் கடைக்காரர்.

கேம் கம்பெனிக்கு என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு சுவிட்சை எடுத்துக் கொடுத்தார். சுவிட்சின் தலையில் ஊறுகாய் பாட்டில் மூடியை ஒட்டினேன். முன்பு பிறந்தநாளுக்கு சித்தப்பாவே வாங்கித் தந்த சின்ன சர்க்யூட் போர்டில் அதன் ஒயரை ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து, போர்டைக் கம்ப்யூட்டரில் செருகினேன். விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம், பம்பு ஓடவில்லை. மறுநாள் யாரும் தொடாமலே ஓடியது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதெல்லாம் என் காதில் விழவே இல்லை.

ஒருவழியாக அதைக் கொண்டுபோய் சித்தப்பாவின் மடியில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நகரவில்லை. பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் எனக்குச் சமமான ஆள் அவர் ஒருவர்தான், அன்று நான் ஜெயித்தேன். நடுங்கும் கையைத் தூக்கி மூடியின் மேல் போட்டார். குடம் நிறையத் தொடங்கியது.

அதன்பின் தினமும் விளையாடினார், ஸ்கோரும் ஏறியது. அம்மா கணக்கு டீச்சர். எண்ணைத் தவிர எதையும் நம்பாதவள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஸ்கோரைக் கேட்பாள். நேற்றைவிட அதிகம் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை நானே விளையாடிப் பார்த்தபோது திடுக்கிட்டேன். ஒருமுறை அமுக்கினால் பம்பு சில சமயம் மூன்று அடி அடித்தது. சுவிட்சுக்குள் தகடுகள் ஒட்டும்போது லேசாகத் துள்ளும். போர்டு ஒவ்வொரு துள்ளலையும் ஒரு அடியாக எண்ணிவிடுகிறது. கை எவ்வளவு நடுங்குகிறதோ, அவ்வளவு ஸ்கோர். இத்தனை நாளும் என் ஆட்டம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தயங்கித் தயங்கி சித்தப்பாவிடம் சொன்னேன். முதல் நாளே தெரியும் என்றார் அவர். தொழிற்சாலையில் இதே துள்ளலோடு மல்லுக்கட்டியவராம். கூசாமல் குறை சொல்லும் ஆளுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று சீறினேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப வர்ற நம்பர் அப்படியே இருக்கட்டும். கரெக்டான நம்பரை ஓரமா சின்னதா போடு. பெருசு அண்ணிக்கு, சின்னது எனக்கு."

ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஸ்கோரா? எனக்குப் பிடிக்கவே இல்லை. இருந்தாலும் இருக்கிற ஒரே வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள முடியாதே. துள்ளலைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணும்படி எழுதி, சின்ன எண்ணை ஓரத்தில் போட்டேன். முதல் நாள் அதைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆடினார். மறுநாள் கட்டிலுக்கடியில் குனிந்து பந்தை அவரே எடுத்தார். சின்ன எண் ஒன்று ஏறும், ஒரு வாரம் அங்கேயே நிற்கும், ஒன்று இறங்கும். வலியில் கண் கலங்கும்போதும் "இன்னொரு ஆட்டம்" என்பார். அவர் விடவில்லை, நானும் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

நடுக்கம் குறையக் குறைய சுவிட்சின் துள்ளலும் குறைந்தது. சின்ன எண் ஏற ஏற, பெரிய எண் இறங்கியது. அம்மாவுக்குத் தெரிந்ததோ பெரிய எண் மட்டும்தான். அவள் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று சித்தப்பா என் வாயைக் கட்டிப்போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காபி கொண்டுவந்து, வழக்கம்போல அவருடைய இடது கைப்பக்கம் வைத்தாள். திரையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"ரொம்ப வலிக்குதா தம்பி? ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்றாள்.

சித்தப்பா வலது கையை நீட்டி டம்ளரைப் பிடித்தார். டம்ளர் ஆடியது, கொஞ்சம் காபி சட்டையில் சிந்தியது. ஆனாலும் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"அன்னிக்கு மழையில சீக்கிரம் வாங்கன்னு நான் போன் பண்ணியிருக்கக் கூடாது தம்பி."

எந்தப் போன், அதற்கும் அடிபம்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கோர் இறங்கியதற்குப் போய் இப்படி அழுகிறாளே என்று அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெரிய எண்ணோடு இருபதைக் கூட்டிக் காட்டும்படி ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்த அம்மா ஸ்கோரே கேட்கவில்லை. எழுதின வரி வீணாகிப்போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.