நின்றது பெட்டியா, பிள்ளையா

எந்தச் சத்தம் திடீரென்று நின்றாலும் ஷஹீமா எழும்பி நின்றுவிடுவாள். மின்விசிறி நின்றாலும், பக்கத்து வீட்டுத் தையல் மெசின் நின்றாலும், கீழே ஒழுங்கையில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரேயடியாக வாயை மூடினாலும் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழும்பிக் காது கொடுப்பாள். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இதைப் பார்த்துவரும் அவளுடைய புருஷன் பௌஸி, சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், சத்தம் இல்லாததற்குப் பயப்படுகிறவள் நீ ஒருத்திதான் என்று சிரிப்பார்.

கொட்டாஞ்சேனையில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் அவர்களுக்கு இரண்டு அறை. பௌஸிக்குப் பேலியகொடை மீன் சந்தையில் வேலை. விடியுமுன் போக வேண்டும் என்பதால் நேரத்தோடு படுத்துவிடுவார். ஷஹீமா ரோல்ஸும் பெட்டிஸும் செய்து கொச்சிக்கடைப் பக்கம் ஒரு தேநீர்க்கடைக்குக் கொடுப்பாள். கடைக்காரரோடுகூட அதிகம் கதைக்க மாட்டாள். தட்டை வைத்துவிட்டு, நேற்றைய வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். புத்தகம் கையில் இருந்தது, எழுத்தும் தெரிந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. முன்வரிசை சிரித்தது. அடுத்த நாள் வயிற்றுவலி என்று படுத்தவள், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை.

ஒரே பிள்ளை நுஸ்கி. முகம் வாப்பாவுடையது, வாய் அவளுடையது. அவன் மத்ரஸாவில் இருந்து குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிழ் ஆனபோது சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆச்சரியம். இந்தப் பிள்ளை ஆட்களுக்கு முன்னால் நின்று ஓதுமா என்று ஷஹீமாவின் காதுபடவே கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது.

நோன்பு வந்தபோது வெள்ளவத்தையில் ஒரு சின்னப் பள்ளிவாசல் நுஸ்கியை ஓத எடுத்தது. இரவில் தராவீஹ் தொழுகையின் முதல் பாதியை அங்குள்ள வயதான இமாம் ஹஸ்ரத் தொழுவிப்பார், மறு பாதி நுஸ்கிக்கு. ஓதல் சரிவந்தால் பள்ளியிலேயே வைத்துக்கொள்வதாகவும், சரிவராவிட்டால் பெருநாளோடு அனுப்பிவிடுவதாகவும் நிர்வாகத்தார் சொல்லியிருந்தார்கள். நுஸ்கி உடுப்புப் பையோடு போய் அங்கேயே தங்கிவிட்டான்.

அந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. வெளி ஒலிபெருக்கியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு மட்டும்தான். ஆனால் பள்ளி மைக்கில் ஓதுவதை அங்கிருந்த டிரான்ஸ்மிட்டர் அலையில் அனுப்பும். சுற்றியுள்ள வீடுகளில் ரேடியோ ஸ்கேனர் வைத்துப் பெண்கள் கேட்பார்கள். அதே ஒழுங்கையில்தான் ஷஹீமாவின் தங்கை ஜவாஹிறாவின் வீடு. தங்கையின் புருஷன் அஹ்ஸன் தன் ஸ்கேனரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயரை வீட்டு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றைப் பழைய லாப்டொப்புக்கும் இழுத்து, அதை வீட்டு வைஃபையில் கோத்துவிட்டிருந்தார். வெள்ளவத்தையில் ஸ்கேனர் கேட்பதைக் கொட்டாஞ்சேனையில் ஷஹீமாவின் போன் கேட்கும்.

முதல் இரவு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ரஜனி போன் திருத்தும் கடையில் வேலை செய்பவள். அவளிடம் கொண்டு ஓடினாள். ரஜனி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெட் புல்லா இருக்கு அக்கா. அங்கயிருந்து வாறதும் வருது. சத்தம்தான் இல்ல. யாரோ வாயப் பொத்திப் பிடிச்ச மாதிரி."

ஷஹீமா உடனே ஜவாஹிறாவுக்குப் போன் எடுத்தாள். தங்கை போனை எடுக்கவில்லை. குசினிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். மாவைப் பிசைந்தாள், மூடி வைத்தாள், மறுபடி திறந்து பிசைந்தாள். மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. தெஹிவளையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்களாம்.

"அவங்கள கதைக்க வாணான்டு செல்லேலுமா தாத்தா?" என்றாள் ஜவாஹிறா. அக்காவைத் தாத்தா என்பது அவர்கள் வழக்கம். "குர்ஆன் ஓதக்கொள்ள கதைச்சா பாவம். அதால குர்ஆன் சத்தத்த கொறச்சிட்டம்."

ஸ்கேனரில் சத்தத்தைக் குறைத்தால் வயரில் போகும் சத்தமும் குறையும் என்று அவளுக்குத் தெரியாது. அஹ்ஸன் கத்திவிட்டு அந்தக் குமிழின்மேல் டேப் ஒட்டினார்.

அன்றிரவு சத்தம் வந்தது. ஹஸ்ரத்தின் ஓதல் தண்ணீர் மாதிரி ஓடியது. பிறகு நுஸ்கி. ஷஹீமா போனைக் காதோடு அழுத்தினாள். ஓர் ஆயத்து, ஒரு வசனம், ஓதினான், நின்றான். அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. மறுபடி குரல் வந்தபோது அடுத்த ஆயத்தின் தலையைக் காணவில்லை, நடுவிலிருந்து ஓதினான். அவளுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் வார்த்தைகள் தெரியும். விடுமுறை நாட்களில் அவன் சுவரில் சாய்ந்து மனனம் செய்தபோதெல்லாம் அவள் மாவு தேய்த்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். வார்த்தைகளை விழுங்குகிறான். மறந்துபோய் நிற்கிறான், நினைவு வந்த இடத்திலிருந்து தொடங்குகிறான்.

அல்லது நெட் அறுக்கிறது. அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ரஜனி சொன்னபடி பெரிய டேட்டா பக்கேஜ் போட்டாள். ஜன்னலருகே, மாடிப்படியில், மொட்டைமாடியில் நின்று பார்த்தாள். வெள்ளவத்தையில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னாள், வயரைக் கழற்றி மாட்டச் சொன்னாள். எல்லா இரவும் ஒரே கதை. ஹஸ்ரத் ஓதினால் முழுதாக வந்தது, நுஸ்கி ஓதினால் அறுந்தது. நடுவில் சில நேரம் ஏதோ கரகரப்பு வந்தது, அதையும் நெட்டின் மேல் போட்டாள்.

"நெட் ஆள் பாத்து அறுக்குமா ரஜனி?" என்று கேட்டாள். ரஜனி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போடட்டுமா என்றாள்.

அஹ்ஸனைக் கேட்டுப் பயனில்லை. நோன்பு கால வியாபாரம் என்று அவர் இருபது றக்அத் சுற்றில் எட்டோடு எழும்பிக் காலி வீதியில் உள்ள தன் கடைக்கு ஓடிவிடுவார்; நுஸ்கியின் முறை வரும்போது பள்ளியிலேயே இருக்க மாட்டார். ஜவாஹிறாவோ, பிள்ளை இனிமையாக ஓதுகிறான் என்றாள். அவள் எதையும் முழுதாகக் கேட்டதில்லை. ஷஹீமா நுஸ்கிக்கே போன் எடுத்து, ஓதல் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை உம்மா என்றான். அவனிடமிருந்து அதற்குமேல் வராது. அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கடைசியில் ஒருநாள் கடைக்குக் கொடுத்தது போக மீந்த ரோல்ஸை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஜவாஹிறா வீட்டில் நோன்பு திறக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். மற்ற நாளென்றால் ஷஹீமா குசினிக்குள் போய் ஒதுங்கியிருப்பாள். அன்று போய் ஸ்கேனருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஹஸ்ரத் ஓதினார். ஸ்கேனரின் கண்ணாடியில் ஒரே அலை நம்பர் அசையாமல் நின்றது. நுஸ்கி தொடங்கினான். அந்த நம்பர்தான். ஆயத்தின் முடிவில் அவன் குரல் தணிந்து, மூச்செடுக்க நின்றது. அந்த நொடியில் நம்பர்கள் ஓடத் தொடங்கின. ஒன்றின்மேல் ஒன்றாகத் தடதடவென்று ஓடி, ஏதோ ஒன்றில் நின்று, ஒரு டாக்ஸிக்காரனின் குரல் கரகரத்தது.

"மல்லி, கொஹெத இன்னே?"

தம்பி, எங்கே நிற்கிறாய் என்று சிங்களத்தில் எந்தத் தம்பியையோ தேடினான். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம்பர்கள் மறுபடி ஓடிப் பள்ளிக்குத் திரும்பியபோது நுஸ்கி அடுத்த ஆயத்தின் பாதியில் இருந்தான்.

ஷஹீமா இன்னும் சில ஆயத்துகள் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் நின்றதும் பள்ளியின் டிரான்ஸ்மிட்டர் அனுப்புவதை நிறுத்துகிறது. இனி ஆளில்லை என்று நினைத்து ஸ்கேனர் வேறு ஆளைத் தேடிப் போகிறது. அஹ்ஸன் பொழுதுபோக்குக்காக டாக்ஸி, காவலாளி என்று கண்ட நம்பரையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தார். ஹஸ்ரத் ஓதும்போது இடைவெளியே விடுவதில்லை, அதனால் அது ஓடவில்லை. நுஸ்கி மூச்செடுக்க நேரம் எடுப்பவன்.

பொத்தான்களின் இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தாள். ஒன்றில் ஹோல்ட் என்று இருந்தது. எந்த ஒபிசுக்குப் போன் எடுத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் காக்க வைப்பார்கள். பிடித்து நிறுத்து என்றுதானே அர்த்தம்.

"தொட வாணாம் தாத்தா, அவர் வந்து கத்துவார்" என்றாள் ஜவாஹிறா.

குரல் வந்துகொண்டிருக்கும்போதே ஷஹீமா அந்தப் பொத்தானை அழுத்தினாள். ஆயத்து முடிந்தது. நம்பர் அசையவில்லை. அடுத்த ஆயத்து தலையோடு வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே வந்தது. ஒரு வார்த்தைகூட விழவில்லை. இத்தனை இரவும் அவன் சரியாகத்தான் ஓதியிருக்கிறான். ஷஹீமா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

பிறகு ஓர் ஆயத்தின் நடுவில் நுஸ்கி நின்றான்.

நம்பர் நின்ற இடத்திலேயே நின்றது. வைஃபை இருந்தது, வயர் இருந்தது. ஆயத்தைத் தொடக்கத்திலிருந்து எடுத்தான். அதே இடத்தில் மறுபடி நின்றான். ஷஹீமா எழும்பி நின்றாள். அப்போது அவனுக்கு நேர் பின்னாலிருந்து யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். தொழுவிப்பவர் மறந்தால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுப்பது வழக்கம்தான். நுஸ்கி அதை வாங்கினான், ஓதினான், முடித்து, குனிந்து ருகூவுக்குப் போனான்.

ஹோல்டை எடுத்துவிட ஜவாஹிறா பொத்தானுக்குக் கையை நீட்டினாள். "இதுக்கு நம்பர் ஓடினதே நல்லம். பழிய இந்த ஸ்கேனர் பெட்டி மேல போடலாம்."

"வாணாம். ஈக்கட்டும்" என்றாள் ஷஹீமா.

தொழுகை முடிந்து, உம்மா வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நுஸ்கி வந்தான். வாசலோடு நின்றான். பெண்கள் உள்ளறைக்குப் போனார்கள்.

"கேட்டீங்களா உம்மா?"

"கேட்ட."

"நின்டதும் கேட்டீங்களா?"

"அதும் கேட்ட மகன். மறுகா எடுத்ததும் கேட்ட."

அவன் தலையை ஆட்டினான். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டே, பள்ளிக் கதவு பூட்டப்போகிறார்கள் என்று போய்விட்டான்.

பெருநாளுக்குப் பிறகு நிர்வாகத்தார் அவனை வைத்துக்கொண்டார்கள். இது இரண்டாவது நோன்பு. தராவீஹ் நேரத்தில் ஸ்கேனர் ஹோல்டிலேயே இருக்கிறது. அஹ்ஸன் டாக்ஸி கேட்பதானால் பகலில்தான் கேட்க வேண்டும். நுஸ்கி இப்போதும் சில இரவுகளில் எங்காவது நிற்கிறான், யாராவது எடுத்துக் கொடுக்கிறார்கள். ஷஹீமாவுக்கு இன்னும் நிம்மதி இல்லை. கொட்டாஞ்சேனையில் போனைக் காதில் வைத்து, அவன் கடைசி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் மாவு பிசையப் போகிறாள்.