பாய்க்கு அடியில் இருந்த சேதம்

மழை நிவாரணம் கேட்டு என்னிடம் வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. டீக்கடையில் நான் இப்படித்தான் சொல்வேன். அது பொய். நிவாரணம் கொடுக்க எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. நான் தலையாரி. இப்போது கிராம உதவியாளர் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், வேலையை மாற்றவில்லை. வி.ஏ.ஓ. சொல்வதை ஊருக்குச் சொல்ல வேண்டும், ஊர் சொல்வதை வி.ஏ.ஓ.விடம் சொல்ல வேண்டும். நடுவில் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. ஐந்தாவதைத் தாண்டாத எனக்கு அந்த ஒன்று மட்டும் வரவே இல்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பசங்களுக்காக இதைச் சொல்கிறேன். என் மகள் எழுதுகிறாள்.

வெண்ணந்தூர்ப் பக்கம் மூன்று நாள் விடாத மழை. எங்கள் ஊரில் அர்த்தநாரியின் வீடு பின்பக்கம் சரிந்துவிட்டது. மண்சுவர். அவனும் அவன் பெண்டாட்டி பாவாயியும் குழித்தறி நெய்கிறவர்கள். நெய்கிறவர் காலை விட்டு உட்காருகிற குழி முழுக்கத் தண்ணீர். தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் நனைந்து சாயம் இறங்கிவிட்டது. சுவர் எழும்பினால்தான் தறி, தறி ஓடினால்தான் அடுப்பு. நான் போய்ப் பார்த்து வி.ஏ.ஓ. மேடத்துக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையில் வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. சாரோடு வருகிறேன், அவர்களிடம் சொல்லி வையுங்கள் என்றார்.

சொன்னேன். கூடவே என் சரக்கு ஒன்றும் போனது.

"பெரிய ஆபீசருங்க வாராங்க, ஊட்டைக் கொஞ்சம் பாங்கா வெச்சிருங்க."

மறுநாள் போய்ப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் சாணி தெளித்துப் பெரிய கோலம். இடிந்த மண்ணை அக்கம்பக்கத்தார் கூடி அள்ளிக் கொட்டிவிட்டார்கள். தறியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார்கள். பின்சுவர் இருந்த இடத்தில் பந்தல்காரரிடம் வாங்கிய பூப்போட்ட துணி, மேலிருந்து கீழ் வரை இழுத்துக் கட்டியிருந்தது. அதற்கு முன்னால் புதுப் பாய். பொண்ணு பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது.

ஆர்.ஐ. சாருக்கு அன்றைக்கு இன்னும் நாலு ஊர் பாக்கி. வாசலோடு நின்றார். பாவாயி அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தாள். சார் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, என்ன சேதம் என்று கேட்டார்.

அர்த்தநாரி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான்: "ஒண்ணும் பெருசா இல்லீங்க. பின்னால கொஞ்சம் மண்ணு உழுந்துச்சு, அள்ளிட்டமுங்க. ஒரு கொறையும் இல்லீங்க சாமி."

எனக்கு அவனைக் கிள்ள வேண்டும் போல இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார். நேற்று போனில் என்னென்னவோ சொன்னீர்களே என்று அந்தப் பார்வையில் இருந்தது. பகுதிச் சேதம் என்று போட்டுக்கொள்ளலாம் என்று சார் பேனாவைத் திறந்தார். பகுதிக்குக் கிடைப்பதில் சுவரில் பாதிகூட ஏறாது. முழுச் சேதம் என்று விழுந்தால்தான் அந்த வீட்டில் மறுபடி தறி சத்தம் கேட்கும்.

ஏதாவது பேச வேண்டும். பேசுவதற்கு முன்னால் உட்காரலாம் என்று அந்தப் புதுப் பாயில் உட்கார்ந்தேன்.

பாய்க்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் தறிக்குழி. என் உடம்பைத் தாங்குகிற பலகை இன்னும் அறுக்கப்படவில்லை. அது ஒரு பக்கமாக எழும்ப, நான் மறுபக்கமாக இறங்கினேன். பிடிக்க ஒன்றும் இல்லாமல் பந்தல் துணியைப் பிடித்தேன். அதுவும் என்னோடு வந்துவிட்டது. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்க்கிறேன், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்து எருமை ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. குழிக்குள் ஒளித்து வைத்திருந்த நனைந்த பாவு என் காலைச் சுற்றிக்கொண்டது. வேட்டி முழுக்கச் சிவப்புச் சாயம்.

யாரும் சிரிக்கவில்லை. சார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, இதைய ஏன் சொல்லல?"

பாவாயிதான் பதில் சொன்னாள்.

"மொதமொதலா ஊட்டுக்கு வந்திருக்கறீங்க. வந்தவங்ககிட்ட இல்லேங்கறது எப்படீங்க?"

சார் எழுதியதை அடித்துவிட்டு, முழுச் சேதம் என்று எழுதினார். மேடம் செல்போனில் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் குழிக்குள் நானும் நிற்கிறேன். ஃபைலில் இன்னும் இருக்கிறேன். சேதமான பொருள்களில் என்னைச் சேர்க்காதது ஒன்றுதான் குறை.

சாயங்காலத்துக்குள் ஊரே பேசிக்கொண்டது, தலையாரி வேண்டுமென்றேதான் குழியில் விழுந்தார், என்ன மூளை என்று. பாவாயி என் வேட்டியை வாங்கித் துவைத்துப் பார்த்தாள், சாயம் போகவில்லை. "எங்களுக்காகத்தானுங்கண்ணா உழுந்தீங்க" என்றாள். இல்லையம்மா, பாய் புதிதாக இருந்தது, அதனால் உட்கார்ந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் புத்திசாலி என்று ஒருவர் சொல்வது அதுதான் முதல் தடவை.

தம்பிகளா, அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு குறையும் இல்லை என்று சொல்கிற வீட்டில் முதலில் பாயைத் தூக்கிப் பாருங்கள். ஆபீசர் வருகிறார் என்று சொல்லும்போது, எதையும் அள்ளாதே, விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான் இப்போதெல்லாம் அந்த ஒரு சரக்கை மட்டும்தான் சேர்க்கிறேன். பணம் வந்த அன்றைக்கு அர்த்தநாரி என்ன செய்தான் தெரியுமா, நேராக என் வீட்டுக்கு வந்து...

போன் அடிக்கிறது. மேடம். நேற்றைய மழையில் மேட்டுத்தெருவில் ஒரு வீடு சாய்ந்துவிட்டதாம், சார் கிளம்பிவிட்டாராம்.

"மேடம், அவங்களை ஊட்டைக் கூட்ட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

"கூட்டிக் கோலமே போட்டாச்சுங்கண்ணா. சீக்கிரம் வாங்க."