பத்தொன்பதாவது கதை

கருத்தம்மாள் பள்ளிக்கூடத்துப் பின்னறையைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். முன்னறையில் பிள்ளைகள் படிக்கும்போது பின்னறையை மெழுக வேண்டும். அது காய்ந்ததும் பிள்ளைகளை இங்கே மாற்றிவிட்டு முன்னறையை மெழுக வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். அன்றைக்கு அவள் கை தரையைத் தடவவில்லை, அறைந்தது. நாலு நாளாக மகள் சந்தனம் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் கிடையாது, வயிற்றுவலி கிடையாது. பள்ளிக்கூடம் என்று வாயெடுத்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

கருத்தம்மாள் கான்சாபுரத்துக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் சங்கிலிப்பாண்டி ராஜபாளையத்திலிருந்து சாத்தூர் ரயிலடிக்குப் பஞ்சுப்பொதி ஏற்றிப் போகும் வண்டிக்காரன். மாசத்தில் பாதி நாள் வழியிலேயே கிடப்பான். பெற்ற மூன்றில் தங்கியது சந்தனம் ஒன்றுதான். சீமையில் மகாராணி இறந்த மறு வருஷம், ஊர்ப் பெரிய மனிதர்கள் கமிட்டி கூடிப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்தபோது, கூட்டி மெழுகும் வேலைக்கு இவள் வந்தாள். வந்த இடத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே புத்தகம் முழுவதையும் காதால் படித்துவிட்டாள்.

சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த நீதிக்கதைப் புத்தகம் அது. முப்பத்திரண்டு கதைகள், கதைக்கு ஒரு படம். பிள்ளைகளுக்கு நல்ல குணம் வரவேண்டும் என்று கமிட்டியே வாங்கிக் கொடுத்தது. சங்கரலிங்கம் வாத்தியார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். அவர் பிள்ளைகளை அடிப்பதில்லை. தப்புச் செய்த பிள்ளை எழுந்து நின்று, அந்தத் தப்புக்குரிய கதையை மூன்று தடவை உரக்க வாசிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை மற்றப் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல வேண்டும்.

கருத்தம்மாளுக்கு அந்த முறை மிகவும் பிடித்திருந்தது. ஒருநாள் கள்ளுக் குடித்துவிட்டு வந்த புருஷனை வாசலில் நிறுத்தி ஏழாவது கதையை முழுசாகச் சொல்லியிருக்கிறாள். "ஏட்டி, கஞ்சியக் குடுத்துட்டுக் கதையச் சொல்லேன்" என்று அவன் கும்பிட்டான். மகளையும் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்த்திவிட வேண்டும் என்று வாத்தியாரிடம் மூன்று மாசம் நின்று கேட்டு வாங்கினாள்.

போன வாரம் வடிவின் பித்தளை ஊசிக்கூடு காணாமல் போயிற்று. வடிவு கமிட்டிக்காரர் வைகுண்டராஜின் மகள். தையல் பாடத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சந்தனம். வேறு யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாத்தியார் சந்தனத்தை எழுப்பிப் பதினோராவது கதையை, திருடிய சிறுமியின் கதையை, வாசிக்க வைத்தார். நான் எடுக்கவில்லை என்று சந்தனம் சொன்னதற்குப் பொய் சொன்ன பையனின் கதையும் சேர்ந்துகொண்டது.

பதினோராவது கதையின் கடைசி வரி, 'அன்று முதல் ஊர்ப்பிள்ளைகள் ஒருவரும் அவளை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை' என்பது. பிள்ளைகள் மூன்று தடவை அதைச் சொன்னார்கள். பிறகு அப்படியே செய்தார்கள். பாண்டிக்கட்டத்தில் சந்தனம் கால் வைத்தால் கட்டத்தை அழித்துவிட்டு வேறு இடத்தில் போட்டார்கள். தெருவிலும் அதேதான். "ஏன் தாயி, அவளும் வரட்டுமே" என்று கருத்தம்மாள் கேட்டதற்கு, "புஸ்தகத்துல சேக்கக்கூடாதுன்னு இருக்குல்ல?" என்றது ஒரு வாண்டு.

கருத்தம்மாளும் புத்தகத்தைத்தான் நம்பினாள். அன்று மாலை விளக்குமாற்றால் மகளை அடித்தாள். "எடுக்கலம்மா, எடுக்கல" என்று அது கதறக் கதற அடித்தாள்.

பின்னறை காய்ந்ததும், பிள்ளைகளை மாற்றச் சொல்லச் சாணி வாளியோடு முன்னறைக்கு வந்தவள், நிலைப்படியில் நின்றுவிட்டாள். வடிவு தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் பித்தளை ஊசிக்கூடு இருந்தது.

"ஏட்டி வடிவு, அது எங்க கெடந்துச்சு?"

"பழைய பாவாடைல சுருட்டி வச்சிருந்தேன். மறந்துட்டேன்" என்றாள் வடிவு, தலை நிமிராமல்.

கருத்தம்மாள் வாத்தியாரைப் பார்த்தாள். "பாத்தீயளா?"

"காலையிலேயே கொண்டாந்துட்டா. கிடைச்சதே, விடு கருத்தம்மா."

"யார விடச் சொல்லுதீய?"

"நாளைக்கு உம் மகள அனுப்பு. அவ எடுக்கலன்னு நான் பிள்ளைககிட்டச் சொல்லிருதேன்."

"நீங்க சொன்னா ஆகாது வாத்தியாரையா. எம்மகளத் திருடின்னு நீங்களா சொன்னீய? புஸ்தகம்லா சொல்லிச்சு! அதே புஸ்தகம் இப்ப இல்லன்னு சொல்லட்டும். பத்தொம்பதாவது கதைய வடிவு எந்திரிச்சு வாசிக்கட்டும்."

வாத்தியார் மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அது இன்னும் நடத்தாத பாடம்."

"போன வருசம் நடத்துனீயளே. அதுவும் இல்லாம, எம்மகளுக்குப் பாடம் பாத்தா வாசிக்க வச்சீய?"

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அவ அப்பா கமிட்டில இருக்காக. பிள்ளைய நிறுத்தி வாசிக்க வச்சேன்னு தெரிஞ்சா, நானும் இருக்க மாட்டேன், பள்ளிக்கூடமும் இருக்காது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். கமிட்டி வீட்டுப் பிள்ள வாசிக்க வேண்டாம்னு அந்தப் புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? அத மட்டும் காட்டுங்க."

ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "எழுத்து ஒண்ணு தெரியாது, நீ எனக்குப் புஸ்தகம் சொல்ல வந்துட்டியா? போய்ச் சோலியப் பாரு."

கருத்தம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். சாணிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சந்தனம் நின்று வாசித்த அதே இடத்தில் போய் நின்றாள்.

"ஓர் ஊரிலே தனவந்தர் ஒருவருக்கு ஒரே புத்திரி இருந்தாள்" என்று தொடங்கினாள். வாசிக்கும் பிள்ளை எங்கே மூச்சு வாங்குமோ அங்கே மூச்சு வாங்கினாள். தனவந்தர் மகளின் மோதிரம் தொலைந்தது, வேலைக்காரப் பெண்மேல் பழி விழுந்தது, மோதிரம் பூக்கூடையில் அகப்பட்டது. ஒரு சொல் பிசகவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது.  முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். வாத்தியார் "போதும், போதும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

கடைசி வரி வந்தபோது அவள் நிறுத்தினாள். பழக்கம் விடவில்லை. பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்: "அவள் அந்தப் பெண்ணின் வாசலுக்கு நடந்து சென்று, ஊரார் கேட்க, பிழை என்னுடையது என்றாள்."

வடிவும் கூடச் சேர்ந்துதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்துப் பெண் தன்னைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டாள். ஊசிக்கூட்டைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எம்மகள நானே அடிச்சேன்" என்றாள் கருத்தம்மாள். "அந்தப் பாவம் என்னோடது, அத நான் அவகிட்டச் சொல்லிக்கிடுவேன். எம்மக வாசலுக்கு இங்கேருந்து யாரு வாரீய? அத மட்டும் சொல்லுங்க."

பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தார்கள். வாத்தியார் மேசைமேல் இருந்த புத்தகத்தை நேராக வைத்தார். பிறகு அதையே மறுபடியும் நேராக வைத்தார்.

"வாத்தியாரையா, உங்களத்தான் கேக்கேன். நீங்களாச்சும் வருவீயளா?"

தெருவில் ஒரு பஞ்சு வண்டி போய் முடிகிற வரைக்கும் அவள் நின்றாள். பிறகு வாளியை அங்கேயே விட்டுவிட்டு, தனியாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.